கோழிக்கும் முட்டைக்கும் ஒரே ‘கை’

நாங்கள் பாங்காக்கில் வந்து இறங்கியது ஒரு ஜூன் மாதம். மழைக்காலம் தொடங்கியிருந்தது. கணவருக்கு சமுத்பிரகானில் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. பையனுக்கு அப்போது ஆறு வயது. வீடு ஓன்னுத் பக்கம், ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு சந்தில். சந்துக்கு இங்கே ‘சொய்’ என்று பெயர்.

முதல் இரண்டு மாதம் மொழி இல்லாமலே ஓடிவிட்டது. பெரிய கடைகளில் ஆங்கிலம் பேசுகிறார்கள். காய்கறிச் சந்தையில் கால்குலேட்டரில் விலையை அடித்துக் காட்டுகிறார்கள். சிரித்தால் சிரிக்கிறார்கள். இப்படியே சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி பையனுக்குக் காய்ச்சல். கணவர் இரவு ஷிப்டில் இருந்தார். சொய் முனையில் மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மா பையன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கிளினிக்குக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன்: “க்லை மை?” பக்கமா என்று கேட்பதாக எனக்கு நினைப்பு. அவர் தலையை ஆட்டி “க்லை கா” என்றார். பக்கம்தானே என்று பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. அரை மணி நேரம் தூறலில் நடந்த பிறகுதான் கிளினிக் போர்டு கண்ணில் பட்டது.

மறுநாள் கணவரோடு வேலை பார்க்கும் ஒருவர் விளக்கினார். ‘க்லை’ என்பதை மேலேயிருந்து கீழே இறக்கிச் சொன்னால் பக்கம். ஏறாமல் இறங்காமல் சமமாகச் சொன்னால் தூரம். நான் சமமாகக் கேட்டிருக்கிறேன், அதாவது “தூரமா?” என்று. அந்த அம்மா “தூரம்தான்” என்று சரியாகப் பதில் சொல்லியிருக்கிறார். பையனுக்கு இரண்டு நாளில் சரியாகிவிட்டது. ஆனால் அன்றைக்கே தாய்லாந்து மொழி வகுப்பில் சேர்வது என்று முடிவு செய்தேன்.

எந்த வகுப்பு என்பதில்தான் தடுமாறினேன். புதிதாக வருகிற நம்மவர்கள் பலர் என்னிடம் இதைக் கேட்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் சேர்ந்தது ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த ஒரு பள்ளியில். பெயர் வேண்டாம். விசாவோடு சேர்த்து ஒரு வருடத் திட்டம் என்றுதான் அங்கே பேச்சே ஆரம்பிக்கும். எனக்குக் கணவரைச் சார்ந்த விசா இருந்ததால் மூன்று மாதத்துக்கு மட்டும் கட்டினேன், மொத்தமாக முன்பணமாக. பாடப்புத்தகம் முழுக்க ஆங்கில எழுத்தில் இருந்தது. தாய்லாந்து எழுத்து எப்போது என்று கேட்டேன். அதற்கு அவசரமில்லை, ஆறு மாதம் பேசிப் பழகிய பிறகு பார்க்கலாம் என்றார்கள். மூன்று மாதத்தில் நான்கு ஆசிரியர்கள் மாறினார்கள். ஒவ்வொருவரும் முதல் பாடத்திலிருந்து தொடங்கினார்கள். நடுவில் நின்றுகொள்கிறேன் என்றதற்குப் பணம் திரும்ப வராது என்று ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள்.

ஆசிரியர் மாறியதைவிட அந்த ஆங்கில எழுத்துதான் எனக்குப் பெரிய தடை. புக்கெட் தீவின் பெயரை ஆங்கிலத்தில் படித்து ‘ஃபுக்கெட்’ என்று சொல்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! பக்கத்துக்குப் பக்கம் அதே சிக்கல்தான். சரி, தமிழிலேயே எழுதிக்கொள்வோம் என்று நோட்டில் தமிழ் எழுத்தில் குறித்து வைத்தேன். அங்கேயும் இடித்தது. கோழிக்குக் ‘கை’ என்று எழுதினேன். நாலு பக்கம் தள்ளி முட்டைக்கும் ‘கை’ என்று எழுதியிருந்தேன். சோறு, வெள்ளை, செய்தி மூன்றுக்கும் ‘காவ்’. வீட்டில் உட்கார்ந்து படித்தால் எது எது என்று எனக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் கேட்டல் முறை வகுப்பு ஒன்றில் மாதிரிக்கு உட்கார்ந்தேன். இது இந்த ஊரிலேயே வளர்ந்த முறை. மார்வின் பிரவுன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1984-ல் இங்குள்ள ஏயூஏ என்ற மொழி மையத்தில் தொடங்கி வைத்தது. மாணவர்கள் வாயே திறக்க வேண்டாம். இரண்டு ஆசிரியர்கள் படம் வரைந்து, நடித்துக் காட்டி, தங்களுக்குள் பேசிக்கொண்டே இருப்பார்கள். குழந்தை மாதிரி நூற்றுக்கணக்கான மணி நேரம் கேட்டால் பேச்சு தானாக வரும் என்பது அதன் அடிப்படை. எனக்கு அந்த வகுப்பு மிகவும் பிடித்திருந்தது. உச்சரிப்பு சுத்தமாக வர வேண்டும், அவசரமில்லை என்கிறவர்கள் தாராளமாகச் சேரலாம். எனக்கோ மறுநாளே பள்ளி ஆசிரியையிடமும் சந்தையிலும் பேசியாக வேண்டியிருந்தது.

சுலாலோங்கோர்ன் பல்கலைக்கழகத்தின் தீவிர வகுப்பையும் விசாரித்தேன். ஒவ்வொரு நிலையும் 100 மணி நேரம், சில வாரங்களில் முடித்துவிடுவார்கள். வேலை மாறும்போது கிடைக்கிற இடைவெளியில் இருப்பவர்களுக்கு, தனியாக இருப்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். பையனைப் பள்ளியில் விட்டு, கூட்டி வந்து, சமைத்து, அன்றைய வீட்டுப்பாடத்தையும் முடிக்க என்னால் ஆகாது என்று தெரிந்தது.

கடைசியில் சேர்ந்தது ஒரு மாடி வீட்டில் நடக்கும் சின்ன வகுப்பு. ஐந்து பேர். வாரம் மூன்று நாள், இரண்டிரண்டு மணி நேரம். முதல் நாளே கரும்பலகையில் எழுத்து. ஆசிரியரை இங்கே ‘க்ரூ’ என்பார்கள், நம் குருதான். பல்கலைக்கழகப் பேராசிரியர் என்றால் ‘ஆசான்’.

எங்கள் க்ரூவிடம் என் நோட்டைக் காட்டினேன். கோழி, முட்டை கதையைச் சொன்னேன். அவர் ஒரு தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து என் உதட்டுக்கு முன்னால் பிடித்தார். கோழியைச் சொல்லச் சொன்னார். “கை.” தாள் அசையவில்லை. சரி என்றார். பிறகு அவர் தன் உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு முட்டையைச் சொன்னார். தாள் படபடவென்று ஆடியது. நம் ‘கை’தான், ஆனால் மூச்சோடு சேர்ந்து வருகிறது. இந்தியில் இருக்கிற மூச்சொலி நம் எழுத்தில் இல்லை. எனக்கு அது வர ஒரு வாரம் ஆயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆஸ்திரேலியப் பெண்ணுக்கு நேர்மாறு. அவருக்கு முட்டை உடனே வந்தது, தாள் ஆடாமல் கோழியைச் சொல்ல வரவில்லை. அதே அறை, அதே ஆசிரியர், ஆனால் அவர் கஷ்டம் வேறு, என் கஷ்டம் வேறு. இதைக் கவனித்து ஆளுக்கு ஆள் வேறு பயிற்சி கொடுக்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள்.

பிறகு அந்தக் கோழியைப் பலகையில் எழுதினார். ‘ஐ’ குறி முன்னால் நிற்க, ‘க’ பின்னால் வந்தது. வாயில் ‘க’ முதலில், கையெழுத்தில் குறி முதலில். வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் இது பெரிய குழப்பம். நாம்தான் பாலர் வகுப்பிலிருந்து ‘கை’யை அப்படித்தானே எழுதுகிறோம்! எ, ஏ குறிகளும் முன்னால்தான் நிற்கும். கொம்பும் காலுமாக எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்கிற குறியும் உண்டு, நம் ‘கொ’ மாதிரி. அகரவரிசையும் க வரிசை, ங, ச வரிசை, ஞ என்றுதான் போகிறது. பல்லவர் எழுத்திலிருந்து கெமர் எழுத்து, அதிலிருந்து தாய்லாந்து எழுத்து. சுகோதாய் அரசர் ராம்காம்ஹெங் 1283-ல் இதை வகுத்ததாக அவர் பெயரிலுள்ள கல்வெட்டு சொல்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய ஏதோ ஒன்று சுற்றிவந்து பாங்காக்கின் ஒரு மாடி அறைப் பலகையில் நிற்பதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எழுத்து முதலில் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இந்தப் பாசம் மட்டும் இல்லை. தொனி, அதாவது குரல் ஏறுவதும் இறங்குவதும், எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. மெய்யெழுத்து 44, அதில் இரண்டு வழக்கொழிந்துவிட்டது. நமக்கு வல்லினம், மெல்லினம், இடையினம் போல அவர்களுக்கும் மூன்று இனம்: உயர், நடு, தாழ். மூச்சோடு வரும் ‘க’ ஒலிக்கே உயர் இனத்திலும் எழுத்து உண்டு, தாழ் இனத்திலும் உண்டு. இரண்டோடும் நெடில் ‘ஆ’ சேர்த்துப் பாருங்கள். உயர் இன எழுத்தில் எழுதினால் குரல் வளைந்து மேலே ஏறும், கால் என்று அர்த்தம். தாழ் இன எழுத்தில் குரல் சமமாக நிற்கும், மாட்டிக்கொண்டிருப்பது என்று அர்த்தம். ஆங்கில எழுத்தில் எழுதினால் இந்த வித்தியாசமே காணாமல் போய்விடுகிறது. ஐந்து தொனியைக் காதால் மட்டும் பிடிக்க எனக்கு வரவில்லை. எழுத்தைப் பார்த்ததும் குரல் எங்கே போக வேண்டும் என்று தெரிந்தது.

இன்னொன்றும் உண்டு. உணவுக்கு இங்கே ‘ஆஹான்’ என்கிறார்கள். காதில் கேட்டால் ஒன்றும் தோன்றாது. எழுதியதைப் பார்த்தால் கடைசியில் ‘ர’ இருக்கிறது, ஆஹாரம்! ஈற்றில் வரும் ‘ர’வை ‘ன்’ என்று வாசிப்பது அவர்கள் வழக்கம். நம்மையெல்லாம் இறக்கிவிடும் விமான நிலையத்தை ‘சுவன்னபூம்’ என்பார்கள், எழுதுவது சுவர்ணபூமி. பேராசிரியரைச் சொன்னேனே, ‘ஆசான்’, அதுவும் எழுத்தில் ஆசார்யர்தான். பாஷை ‘பாசா’, வேளை ‘வேலா’, ஆயுள் ‘ஆயு’. புதன்கிழமை ‘வன் புத்’, வெள்ளி ‘வன் சுக்’, சுக்கிரன். எழுத்து தெரிந்த மூன்றாவது மாதத்திலிருந்து ரயிலில் உட்கார்ந்தால் விளம்பரப் பலகைகளில் பழகிய முகங்கள் தெரிய ஆரம்பித்துவிட்டன.

உச்சரிப்பில் தமிழர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. சொல்லின் தொடக்கத்தில் ‘ங’ வரும். பாம்புக்கு ‘ஙூ’. கூச்சப்படாமல் சொல்லுங்கள், நமக்கு வரும். உதட்டைக் குவிக்காமல் சொல்கிற ஒரு உயிரொலி இருக்கிறது, மற்றவர்கள் அதோடு மல்லுக்கட்டுவார்கள். ‘பாட்டு’, ‘காசு’ என்று பேச்சில் சொல்லும்போது கடைசியில் வருகிற குற்றியலுகரத்தை நினைத்துக்கொண்டால் போதும். நாம் மாட்டுவது சொல்லின் முடிவில். ‘மாக்’ என்றால் நிறைய. க்-கை வெளியே விடாமல் விழுங்கிவிட வேண்டும். நம் நாக்கு ‘மாக்கு’ என்று ஒரு உகரத்தைப் போட்டு முடிக்கப் பார்க்கும். அதை விடுவதற்கு எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

எவ்வளவு நாளாகும் என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தன் அதிகாரிகளுக்கு இந்த மொழியைக் கற்பிக்க 44 வாரம், 1,100 மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறது. அதே வரிசையில் தமிழும் இருக்கிறது. என் வாரம் ஆறு மணி நேரக் கணக்கில் அது மூன்றரை வருடம். மூன்று மாதத்தில் சரளம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் இதை நினைத்துக்கொண்டு பேசுங்கள்.

விசாவுக்காகவே வகுப்பில் சேர்கிறவர்கள், பள்ளிக்குக் கல்வி அமைச்சகத்தின் உரிமம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வருகை குறைந்தால் நீட்டிப்பு சிக்கலாகும். குடிவரவு அதிகாரி தாய்லாந்து மொழியிலேயே கேள்வி கேட்கவும் வாய்ப்பு உண்டு. படிப்பு விசாவில் வேலை பார்க்கக் கூடாது. 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிப்பது நீண்ட நாள் தங்குகிற பெரும்பாலான வெளிநாட்டவர்களுக்கும் உள்ளதுதான். பணத்தை ஒரு மாதத்துக்கு மேல் முன்னால் கட்டாதீர்கள். மாதிரி வகுப்பில் உட்கார விடாத இடம் வேண்டாம்.

போன மாதம் மதுரையிலிருந்து அத்தை வந்திருந்தார்கள், என் மாமியார். சீலோம் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். 19-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த தமிழர்கள் கட்டிய கோயில். ஊர்க்காரர்கள் ‘வத் கேக்’ என்பார்கள். சாமந்தி மாலையும் தேங்காயுமாகக் கும்பிடுகிற கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் தாய்லாந்துக்காரர்கள். அத்தைக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

வெளியே வந்ததும் பசி. அத்தை சுத்த சைவம். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு கடைப் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தேன்.

“ஏம்மா, அந்த எழுத்து என்ன, நம்ம கை மாதிரியே முன்னாடி கொம்பு நிக்குது?”

“கோழி, அத்தை.”

“அய்யய்யோ, அப்ப இது வேணாம்.”

“இருங்க அத்தை, காய் மட்டும் போட்டு வறுத்த சோறும் இருக்கு. கேட்டுப் பாக்குறேன்.”

கடைக்காரப் பெண் வாணலியை அடுப்பில் வைத்து, ஒரு கையில் முட்டையை எடுத்துவிட்டிருந்தார். மீன் சாறு வேண்டாம் என்றேன். தலையசைத்தார். அப்புறம் மூச்சைச் சேர்த்து, குரலைத் தாழ்த்தி, முட்டையும் வேண்டாம் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. “கா” என்று சொல்லிக்கொண்டே முட்டையைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டு, முட்டைக்கோஸை நறுக்க ஆரம்பித்தார்.