கழிப்பறைச் சுவரில் லூனா

அமெரிக்காவில், வட கரோலினாவின் ராலே நகருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு எரிச்சலூட்டிய மரம் ஸ்வீட்கம். குடியிருப்பு வாசலெல்லாம் நெருஞ்சி போல முள் முள்ளாய் அதன் காய்கள் உருண்டு கிடக்கும். இரண்டு தரம் சறுக்கி விழப் பார்த்தேன்.

ஏப்ரல் கடைசியில் ஹேங்கிங் ராக் மாநிலப் பூங்காவுக்குப் போய்க் கூடாரம் போட்டோம். விடியற்காலையில் பல் தேய்க்கப் போனால், கழிப்பறை விளக்குக்குக் கீழே சுவரில் யாரோ வெளிர்பச்சை இலை ஒன்றை ஒட்டி வைத்த மாதிரி இருந்தது. உள்ளங்கை அகலம், நீண்ட இரண்டு வால். லூனா அந்துப்பூச்சி! உணர்கொம்புகள் சீப்பு போல அகலமாக இருந்ததால் ஆண்.

அதற்குச் சாப்பிட வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்து ஒரு வாரம் போல வாழ்ந்து, ஜோடி சேர்ந்து, முடிந்துவிடும். அந்த வால் அழகுக்கு மட்டுமில்லை; பறக்கும்போது சுழன்று, எதிரொலியை வைத்து வேட்டையாடும் வௌவாலின் குறியை உடம்பிலிருந்து வால் பக்கம் திருப்பிவிடும்.

தேடுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டுக்குப் பக்கத்தில் அம்ஸ்டெட் பூங்காவிலும் மரம் ஏராளம், ஆனால் பகலில் மட்டும் போனால் இருட்டியதும் கிளம்பிவிட வேண்டும். எந்தப் பூங்காவானாலும் ராத்தங்குகிற மாதிரிப் போங்கள். காட்டுக்குள் அலைய வேண்டாம். விளக்கெரியும் சுவரை, பறவைகள் வந்து கொத்துவதற்கு முன் பார்த்தால் போதும். கனடா எல்லைப் பக்கம் வருஷத்துக்கு ஒரே தலைமுறை. இங்கே கோடை முடிவதற்குள் இரண்டு மூன்று வரும், அதனால் ஏப்ரலை விட்டாலும் பரவாயில்லை.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இதன் பங்காளி ஒன்று உண்டு. இது லூனா, அது செலீன்: ரோமானியருக்கும் கிரேக்கருக்கும் நிலா. தென்காசியில் முப்பது வருஷம் இருந்தவன் நான், ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை.

அப்புறம்தான் தெரிந்தது, லூனா புழு விரும்பித் தின்பவற்றில் ஹிக்கரி, வால்நட்டோடு இந்த ஸ்வீட்கம் இலையும் உண்டு என்று. கடைசியில் இலையையே போர்த்திக் கூடு கட்டி, மரத்தடிச் சருகுக்குள் குளிர்காலத்தைக் கழிக்குமாம். இலையுதிர் காலத்தில் குடியிருப்பு அலுவலகத்தில் போய், அந்த ஒரு மரத்தடியை மட்டும் கூட்டாமல் விடச் சொல்லிக் கேட்டேன். சரி என்று சிரித்தார்கள். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு இலை ஊதும் மெஷின் வந்துவிட்டது.