கேஷுவால்டியில் உண்மையைச் சொன்ன பிறகு

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், அவசரம் என்றால் பாலக்காட்டு ஆஸ்பத்திரி. அக்கா மகனை 108-இல் ஏற்றியபோது கூட வந்த கூட்டாளிகள், "தோப்புக் கள்ளு ஒத்துக்கலீங் மாமா" என்று ஒரே பல்லவி பாடினார்கள். பல்லை நறநறவெனக் கடிக்கிறான், கண்மணி அகல விரிந்திருக்கிறது, காய்ச்சல் 104-ஐத் தாண்டிவிட்டது. கள்ளுக்கு இப்படியெல்லாம் ஆகுமா?

டூட்டி டாக்டர் நேராகவே கேட்டார்: "எந்தா கழிச்சே? கேஸ் பின்னே நோக்காம்." (என்ன சாப்பிட்டான்? கேஸை அப்புறம் பார்த்துக்கலாம்.) அப்புறம்தான் ஒருத்தன் எம்டிஎம்ஏ என்கிற ரசாயனப் போதைச் சரக்கு என்று வாயைத் திறந்தான்.

அதற்கு முறிவு மருந்து கிடையாதாம். லோராசெபம் ஊசி போட்டு உடம்பை அடக்கினார்கள். அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் பொதி, மேலே ஈரத்துணி, ஃபேன். பாராசிட்டமால் கொடுக்கக் கூடாதா என்று கேட்டேன். இது கிருமிக் காய்ச்சல் இல்லை, தசை ஓயாமல் முறுக்கி எழுப்புகிற சூடு, அந்த மாத்திரைக்குக் கட்டுப்படாது என்றார் நர்ஸ்.

நான் எதிர்பார்க்காதது ரத்தத்தில் இருக்கிற சோடியம், அதாவது உப்புச் சத்து. 135-க்கு மேல் இருக்க வேண்டியது வெகுவாக இறங்கியிருந்தது. போதை தெளியட்டும் என்று பையன்கள் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் புகட்டியிருக்கிறார்கள். எம்டிஎம்ஏவோ சிறுநீரகத்தை நீரை வெளியேற்ற விடாது. ரத்தம் நீர்த்து மூளை வீங்கினால் வலிப்பு வரும். சரி, உப்பை மடமடவென்று ஏற்றலாமே என்றால் அதுவும் ஆபத்து; மெதுவாகத்தான் ஏற்ற வேண்டுமாம். மூத்திரம் கட்டன் சாயா (பால் விடாத டீ) நிறத்தில் போகிறதா என்று வேறு பார்க்கச் சொன்னார்கள். தசை சிதைந்தால் அப்படிப் போகும், சிறுநீரகம் அடிவாங்கும். நல்லவேளை, போகவில்லை.

மூத்திரத்தில் போதையைக் கண்டுபிடிக்கிற சோதனைப் பட்டையில் ஆம்ஃபெட்டமின் காட்டியது; எம்டிஎம்ஏ அந்த வகைதான். செயற்கைக் கஞ்சா மாதிரியான புதுச் சரக்குகள் இந்தப் பட்டையில் பெரும்பாலும் சிக்காது என்றார் லேப் ஆள். பட்டையில் ஒன்றும் காட்டவில்லை என்று யாராவது நிம்மதிப்பட்டால் நம்பாதீர்கள்.

போலீஸுக்குத் தகவல் போனது, கூட்டாளிகள் மாயமானார்கள். 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு: போதைக்கு அடிமையானவர் உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ மாட்டினாலும், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குக் கிடைக்கும். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கும் போய்விடலாம்.

டிஸ்சார்ஜின்போது மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார்கள். கேரள அரசின் போதை ஒழிப்புத் திட்டமான விமுக்தியின் உதவி எண் 14405-க்கு அக்காவே கூப்பிட்டுப் பேசினார்.