பழுதுபார்க்காத அறை

எருசலேமின் பழைய நகரச் சந்துகளில் நடந்து, இயேசுவின் கல்லறை இருந்த இடமாகப் போற்றப்படும் திருக்கல்லறைத் தேவாலயத்தின் முற்றத்துக்கு வந்ததும், அண்ணாந்து அந்த ஏணியைத் தேடினேன். வாசலுக்கு மேலே ஜன்னலடியில் சாய்ந்திருக்கும் சின்ன மர ஏணி. 1728-இல் வரைந்த படத்திலேயே இருக்கிறதாம். ஆறு திருச்சபைப் பிரிவுகள் பங்கிட்டுக்கொண்ட ஆலயம் இது. பொது இடத்தில் மற்றவர்கள் சம்மதிக்காமல் யாரும் எதையும் நகர்த்தக்கூடாது. கதவுச் சாவிகூடத் தலைமுறை தலைமுறையாக ஒரு இஸ்லாமியக் குடும்பத்தாரிடம்தான் இருக்கிறது.

உள்ளே போனதும் அபிஷேகக் கல்; இயேசுவின் உடலை அடக்கத்துக்கு ஆயத்தப்படுத்திய இடம் என்பார்கள். முழங்கால்படியிட்டு நெற்றியை வைத்தேன். தைல வாசனை வந்தது, ஜெபம் வரவில்லை. சபைக் கமிட்டித் தேர்தலுக்குப் பிறகு நான் பேசாமல் விட்ட ஒரு அண்ணனின் முகம்தான் வந்தது. பத்து வருடம் ஒரே பாடகர் குழுவில் பக்கத்தில் நின்று பாடியவர். இப்போது திருவிருந்துக்கு அவர் வலப்பக்கம் வந்தால் நான் இடப்பக்கம் போய்விடுகிறேன்.

கல்லறைக்குள் போக நீண்ட வரிசை. உள்ளே சில நொடிகள்தான். அந்தக் கல்லறை மாடம் சரிந்துவிடாமலிருக்க 1947-இல் இரும்புச் சட்டம் கட்டினார்கள். கிரேக்கர், கத்தோலிக்கர், அர்மீனியர் மூவரும் ஒப்புக்கொண்டு 2016-இல் சீரமைப்பு தொடங்கும்வரை சட்டம் தாங்கியபடியே நின்றது.

அப்புறம் பின்பக்கம் சிரியன் சிற்றாலயத்துக்குப் போனேன். கரியேறிய சுவர், பெயர்ந்த பூச்சு. சொந்தம் யாருக்கு என்று சிரியருக்கும் அர்மீனியருக்கும் வழக்கு தீராததால் பழுதுபார்க்க முடியவில்லை. அங்கேதான் வெகுநேரம் நின்றேன். விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையைச் செய்கிறேன் என்று பவுல் ரோமருக்கு எழுதியது, அந்தச் சுவருக்கு முன்னால் எனக்கே எழுதியது போலிருந்தது. போய்ப் பேசு என்று ஒரு மனம். அவர் முதலில் வரட்டும் என்று இன்னொரு மனம். இரண்டும் உரிமை கொண்டாட, எனக்குள்ளும் ஒரு அறை கரியேறிக் கிடக்கிறது.

இரவு விடுதியில் போனை எடுத்து, "அண்ணா, எருசலேமில் இருக்கிறேன். உங்களுக்காக ஜெபித்தேன்" என்று எழுதினேன். ஜெபிக்கவில்லையே! அழித்துவிட்டேன்.

விடியற்காலையில் மறுபடியும் அந்த இருட்டறைக்குப் போய், அவர் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். அழுகை வந்தது. வெளியே முற்றத்துக்கு வந்து, அழித்ததையே திரும்ப எழுதி அனுப்பினேன்.