எந்தப் பந்தயத்தில் இறங்குவது? விதிப்புத்தகத்தில் இருக்கும் விடை

ஒரு கார் நிறுவனம் ஃபார்முலா ஒன்னுக்குப் போகிறது, வேறொன்று ராலியை விடுகிறது என்று செய்தி வந்தால், எல்லாம் விளம்பரத்துக்காக என்று பலரும் முடித்துவிடுகிறார்கள். விளம்பரம் உண்டுதான். ஆனால் மோட்டார்ஸ்போர்ட் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் முதலில் பிரித்து வைப்பது தொழில்நுட்ப விதிப்புத்தகத்தை. ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே மூன்றில் ஒரு குறி விழும். நாமே வடிவமைக்கலாம், எல்லோருக்கும் பொதுவானதை வாங்கித்தான் ஆகவேண்டும், ஒருமுறை அனுமதி வாங்கியபின் கைவைக்கக் கூடாது. என் கணிப்பில், போவதா வேண்டாமா என்ற முடிவில் முக்கால் பங்கு இந்தக் குறிகளிலேயே இருக்கிறது.

மின்கார் பந்தயமான ஃபார்முலா ஈ-யை எடுத்துக்கொள்வோம். சேஸிஸும் (காரின் அடிச்சட்டம்) பேட்டரியும் எல்லோருக்கும் ஒன்றே. நிறுவனத்துக்கு விட்டுவைத்திருப்பது பின்பக்க மோட்டார், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றும் இன்வெர்ட்டர், கியர்பாக்ஸ், மென்பொருள். மின்கார் விற்கப்போகும் நிறுவனத்துக்கு அதிகம் கற்க வேண்டியது பேட்டரி செல்லும் அதைக் குளிர்விக்கும் முறையும். அங்கே கதவு சாத்தியிருக்கிறது. இன்வெர்ட்டரில் ஓரிரு சதவீத இழப்பைக் குறைப்பதும், பிரேக் போடும்போது ஆற்றலைத் திரும்பப் பிடிக்கும் மென்பொருளைத் தீட்டுவதும் பயனுள்ள பாடம்தான். ஆனால் சில வருடங்களில் அது தேய்ந்துவிடும். 2021-ஓடு ஆடியும் பிஎம்டபிள்யூவும், 2022-ஓடு மெர்சிடிஸும் விலகின. ஜாகுவாரும் போர்ஷேயும் மஹிந்திராவும் நின்றன. மஹிந்திரா 2014-ல் தொடங்கிய முதல் சீசனிலிருந்தே இருக்கிறது. ஃபார்முலா ஒன்னோடு ஒப்பிட்டால் மிகக் குறைந்த செலவில் உலகப் போட்டியில் பெயர் போடலாம் என்பது அந்த அளவுள்ள நிறுவனத்துக்குப் பெரிய விஷயம்.

பிரான்சின் 24 மணி நேரப் பந்தயமான லெ மான்ஸில் கணக்கு வேறு. அங்கே எல்எம்டிஎச் என்ற கார் பிரிவில் சேஸிஸின் முதுகெலும்பை டல்லாரா, ஒரெகா, லிஜியே, மல்டிமேட்டிக் என்ற நால்வரில் ஒருவரிடம் வாங்க வேண்டும். எஞ்சினுக்குத் துணையான ஹைபிரிட் மின்மோட்டார் பாஷ் நிறுவனத்துடையது, கியர்பாக்ஸ் எக்ஸ்ட்ராக் நிறுவனத்துடையது என்று எல்லாருக்கும் பொது. நிறுவனத்தின் கையில் இருப்பது எஞ்சினும் வெளித்தோற்றமும். இதில் என்ன கற்கப்போகிறோம் என்று பொறியாளர் கேட்டால் நியாயம்தான். ஆனால் அதே காரை அமெரிக்காவின் இம்சா தொடரிலும் லெ மான்ஸிலும் ஓட்டலாம். ஒரு காருக்கான செலவில் இரண்டு சந்தை. கேடிலாக், அக்யூரா, பிஎம்டபிள்யூ, போர்ஷே அங்கே குவிந்தது இதனால்தான். டொயோட்டாவும் ஃபெராரியும் அதே பந்தயத்தில், ஹைபிரிட் அமைப்பைத் தாங்களே செய்ய அனுமதிக்கும் மற்றொரு விதியைத் தேர்ந்தெடுத்தன. ஹைபிரிட் கார் விற்றே பெயரெடுத்த டொயோட்டா அதை வேறொருவரிடம் வாங்கி ஓட்டினால் நன்றாகவா இருக்கும்?

தவறான நேரத்தில் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹோண்டாவைவிடத் தெளிவான பாடம் இல்லை. ஃபார்முலா ஒன்னில் ஹைபிரிட் டர்போ விதி 2014-ல் வந்தது. ஹோண்டா 2015-ல் மெக்லாரனோடு சேர்ந்தது. ஓராண்டுப் பந்தய அனுபவம் குறைவு. அதோடு அனுமதி பெற்ற எஞ்சினில் எத்தனை பாகங்களை மாற்றலாம் என்பதற்கும் அப்போது டோக்கன் கணக்கு இருந்தது. காரின் பின்பகுதியை ஒடுக்கமாக்க, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ கம்ப்ரசரை, சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உள்ள 'வி' இடுக்குக்குள் வைத்தார்கள். அங்கே இடம் சிறிது, ஆகவே கம்ப்ரசரும் சிறிது. டர்போ தண்டில் உட்கார்ந்து வெளியேறும் வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் எம்ஜியூ-எச் போதிய ஆற்றல் தரவில்லை. நீண்ட நேர்பாதையில் மின்விசை பாதியிலேயே தீர்ந்தது. 2017-ல் அமைப்பையே மாற்றினார்கள், புதிய கோளாறுகள் வந்தன. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அந்தத் தண்டு தாக்குப்பிடிக்க, ஹோண்டாவின் விமான எஞ்சின் பிரிவு கைகொடுத்தது. இத்தனையும் தாண்டி 2021-ல் ஹோண்டா எஞ்சின் பூட்டிய ரெட் புல் காரில் வெர்ஸ்டாப்பன் ஓட்டுநர் பட்டம் வென்றபோது, ஹோண்டா ஏற்கெனவே விலகல் அறிவித்திருந்தது. அந்தப் பொறியாளர்கள் கார்பன் இல்லா வாகன வேலைக்குத் தேவைப்பட்டார்கள்.

அப்புறம் ஏன் 2026-க்கு ஆஸ்டன் மார்ட்டினோடு திரும்புவதாக 2023-ல் அறிவித்தார்கள்? மனம் மாறியதைவிட விதி மாறியதே காரணம். எம்ஜியூ-எச் நீக்கப்பட்டது. பின்சக்கரங்களுக்கு மின்விசை தரும் மோட்டார் 120 கிலோவாட்டிலிருந்து 350-க்கு ஏறியது; மொத்தத் திறனில் ஏறக்குறைய பாதி மின்சாரம். எரிபொருள் புதுப்பிக்கத்தக்கது. எஞ்சின் தயாரிப்புக்கும் செலவு உச்சவரம்பு வந்தது. தெருக் காருக்கு அதிகம் பயன்படாத, புதியவர்களைத் தடுத்த ஒரு பாகம் போனதும் ஆடியும் உள்ளே வந்தது. டீசலில் 2006 முதல் லெ மான்ஸை வென்று, டீசல் மாசு விவகாரத்துக்குப் (சோதனையில் மட்டும் மாசைக் குறைத்துக் காட்டிய மோசடி) பின் 2016-ஓடு அந்தப் பந்தயத்தை விட்ட அதே ஆடி.

பொதுப் பாகம் என்றாலே செலவு குறையும் என்று நினைப்பதும் தப்பு. 2022-ல் உலக ராலியின் உச்சப் பிரிவான ராலி1 கார்களுக்குப் பொது ஹைபிரிட் யூனிட் வந்தது: 100 கிலோவாட், 3.9 கிலோவாட்-மணி, ஒரே சப்ளையர். சீல் வைத்த பெட்டி. பழுதானால் அணி மெக்கானிக் திறக்கக் கூடாது. பாதுகாப்பு விளக்கு சிவப்பாகிவிட்டால் கார் தொடர முடியாது. பணம் கட்டியும் கற்றது எதுவும் இல்லை. 2025-ல் அதை நீக்கி, குறைந்தபட்ச எடையை 1260 கிலோவிலிருந்து 1180-க்கு இறக்கினார்கள்.

விற்பனை ஸ்போர்ட்ஸ் கார்களை அடிப்படையாகக் கொண்ட ஜிடி3 பந்தயப் பிரிவில் கேள்வியே வேறு: காரைத் தனியார் அணிகளுக்கு விற்று, உதிரிபாகமும் விற்று, பிரிவு தன் காலில் நிற்குமா என்பது மட்டும்தான். ஓடும் கார்களுக்கு உதிரிபாக லாரி பந்தயத்தன்று மைதானத்தில் நிற்க வேண்டும். அதில் சறுக்கினால் அடுத்த ஆண்டு வாங்குபவர் வேறு பிராண்டுக்குப் போய்விடுவார்.

ஹுண்டாய் குழுமம் ஒரே நேரத்தில் இரண்டு திசையில் போகிறது. i20 பெயரில் உலக ராலி, சொகுசு பிராண்டான ஜெனிசிஸ் பெயரில் 2026 முதல் லெ மான்ஸும் அடங்கிய உலக நீடித்த ஓட்டத் தொடர். இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் செய்யும் சிறிய காருக்கு சரளைப் பாதையும் பனிச்சாலையும் பொருந்தும், சொகுசு காருக்கு 24 மணி நேர ஓட்டம் பொருந்தும். ஜெனிசிஸின் 3.2 லிட்டர் வி8 டர்போ எஞ்சின், 1.6 லிட்டர் நான்கு சிலிண்டர் ராலி எஞ்சினை அடிப்படையாகக் கொண்டது. பல பாகங்கள் இரண்டுக்கும் பொது. சேஸிஸ் ஒரெகாவிடம் வாங்கியது.