பக்கிக்குள் ட்யூனிங் கன்ட்ரோலர் பொருத்திய அனுபவம்

டர்பன் கிளேர்வுட் மொத்தச் சந்தையில் விடியுமுன் காய்கறி ஏற்றி, என்3 நெடுஞ்சாலை வழியாக லேடிஸ்மித்தில் கொண்டுபோய் இறக்குவது என் தொழில். வண்டி 2012 ஹைலக்ஸ், 3.0 டி-4டி டீசல். இந்த மாதிரி சின்ன லாரியை இங்கே தென்னாப்பிரிக்காவில் பக்கி என்போம். சக்தி 120 கிலோவாட், முறுக்கு விசை 343 நியூட்டன் மீட்டர். வெறும் வண்டிக்கு அது தாராளம். டிரெய்லரும் சேர்ந்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டியதும் வரும் டவுன் ஹில் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். அதிலும் புரட்டாசி வந்தால் தமிழ் வீடுகளில் கறி மீன் கிடையாது, காய்கறிச் சுமை கூடிவிடும். அதற்காகத்தான் ட்யூனிங் கன்ட்ரோலர் வாங்கினேன்.

சென்சார்களுக்கும் எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு பெட்டி உட்கார்ந்து, டீசல் கொஞ்சம் கூடுதலாகப் போகும்படி சிக்னலை மாற்றும். கூடுதல் டீசல் என்றால் கூடுதல் சூடு. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்கு முன்னால் புகையின் வெப்பம் 700 டிகிரி செல்சியஸைத் தொட்டு அங்கேயே நின்றால் நல்லதல்ல. கடலோரத்திலிருந்து மேலே ஏற ஏற காற்று மெலியும், வெப்பம் இன்னும் சீக்கிரம் ஏறும். ஆகவே பெட்டியோடு வரும், கேபினில் வைத்து இந்த வெப்பத்தைப் பார்க்கும் கையகலத் திரை அலங்காரம் இல்லை. ஏற்றத்தில் நான் பார்த்தே ஆக வேண்டிய எண் அதில்தான் இருக்கிறது.

பெட்டியோடு வந்த ரப்பர் உறிஞ்சியால் முதலில் அதை முன் கண்ணாடியின் வலது மூலையில் ஒட்டினேன். ஐந்து நிமிட வேலை. இரண்டு வாரம் நன்றாக இருந்தது. ஒரு நாள் மதியம், நல்ல வெயில், சுமை இறக்கிவிட்டு டவுன் ஹில்லில் இறங்கி வருகிறேன். உறிஞ்சி விட்டுப்போனது. திரை வயரோடு கீழே விழுந்து பிரேக் பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கியது. எவ்வளவு செங்குத்தான இறக்கம், எத்தனை கனரக லாரிகள் இறங்கும் இடம் என்று அந்தப் பாதையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். பெடலை அழுத்தினால் பாதியில் தட்டியது. காலால் திரையை ஒதுக்கி, கியரைக் குறைத்து, சாலையோரம் நிறுத்தும் வரை உயிர் கையில் இல்லை.

அன்று மாலையே டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் மாமாவிடம் போனேன். நாற்பது வருடம் வண்டி எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். வண்டியைப் பார்த்துவிட்டு, "தம்பி, திரையை எங்கே வைப்பது என்பது அப்புறம். அது கழன்றால் எங்கே விழும், அதை முதலில் பார்" என்றார்.

ஞாயிறு காலை திரையின் அளவில் ஓர் அட்டையை வெட்டிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். நான் ஓட்டும்போது உட்காரும் மாதிரியே, பெல்ட் போட்டு, இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். அட்டையை ஒவ்வொரு இடமாக டேப்பால் ஒட்டிப் பார்த்தோம். கண்ணாடியோரத் தூண் கண்ணுக்கு வசதிதான். ஆனால் பல வண்டிகளில் அந்த உறைக்குப் பின்னால் காற்றுப்பை மடித்து வைத்திருக்கும். அதன்மேல் எதை மாட்டினாலும், விபத்தின்போது அது முகத்தில்தான் வந்து விழும். இடது பக்கம், பயணிக்கான காற்றுப்பையின் மூடி. அதுவும் வேண்டாம். ஸ்டீயரிங்குக்கு நேர் பின்னால் வைத்தால் வேகமானி மறைகிறது. கடைசியில் தேர்ந்தது டாஷ்போர்டின் நடு ஏசி துவாரத்துக்கு அருகில், ஓட்டுநர் பக்க ஓரம். சாலையிலிருந்து பார்வையைக் கொஞ்சம் இறக்கினால் எண் தெரியும். எல்லா கியரும் போட்டுப் பார்த்தேன், கை தட்டவில்லை. கழன்றாலும் பெடல் பக்கம் போகாது.

பசை டேப் போதும் என்று நினைத்தேன். மாமா டாஷ்போர்டை விரலால் தடவிக் காட்டினார், வழுவழுவென்றிருந்தது. நான் வாராவாரம் போடும் பளபளப்பு எண்ணெயில் சிலிக்கோன். அதன்மேல் எந்த டேப்பும் நிற்காது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டு மூன்று முறை துடைத்தோம். அப்படியும் டேப்பை மட்டும் நம்பவில்லை. அந்தப் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி வெளியே எடுத்து, பின்னால் வயரோ குழாயோ இல்லாத இடமாகப் பார்த்து, சின்ன அலுமினியத் தகட்டை இரண்டு போல்ட்டால் முடுக்கினோம். திரை தகட்டில் உட்கார்ந்தது. கையால் ஆட்டினால் வண்டியே ஆடுகிறது, திரை ஆடவில்லை.

வயரிங்குக்குத்தான் பாதி நாள் போனது. முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினோம். பழுது பார்க்கும் கருவியைச் செருகும் ஓபிடி சாக்கெட்டின் 16ஆம் பின்னில் எப்போதும் மின்சாரம் இருக்கும். திரை அதிலிருந்து எடுத்தால், சாவியைக் கழற்றிய பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியைக் குடிக்கலாம். அதனால் ஃப்யூஸ் பெட்டியில், சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஓர் இடத்தை டெஸ்ட் லேம்ப் வைத்துத் தேடிப் பிடித்து அங்கிருந்து எடுத்தோம். எர்த்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டிய பாடி போல்ட். எஞ்சின் பக்கமிருந்து வரும் வயருக்குப் புதிதாக ஓட்டை போடவில்லை, ஏற்கெனவே இருக்கும் ரப்பர் வளையத்தின் வழியாகவே இழுத்தோம். நுழையுமிடத்துக்கு முன் வயரைக் கொஞ்சம் தொங்கவிட்டிருக்கிறோம், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஸ்டீயரிங் தண்டுக்கும் பெடலுக்கும் கிட்டே போகும் இடமெல்லாம் சாண் தூரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் டை போட்டு வயரைக் கட்டினோம்.

வெப்ப சென்சாருக்கான ஓட்டையை ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டைக் கழற்றி வைத்துப் போட்டார்கள். இரும்புத் துருவல் டர்போவுக்குள் போகக் கூடாது. சென்சார் வயரை இணைத்தது நான், தலைகீழாக இணைத்துவிட்டேன். எஞ்சின் சூடாகச் சூடாக எண் இறங்கியது. இந்த வெப்ப சென்சாரின் வயர் கே வகை, அமெரிக்க முறை; அதில் சிவப்புதான் நெகட்டிவ், மஞ்சள் பாசிட்டிவ். சிவப்பைப் பார்த்தால் பாசிட்டிவ் என்று கை தானாகப் போகும், கவனம்.

முதல் இரவுப் பயணத்தில் இன்னொன்று. திரை வெளிச்சம் வலது ஜன்னல் கண்ணாடியில் பிரதிபலித்து, சரியாக சைடு மிரருக்கு மேலே மிதந்தது. பின்னால் வரும் லாரியின் விளக்கு எது, திரை எது என்று பிரிக்க முடியவில்லை. வெளிச்சத்தை மிகக் குறைத்து, மேல் ஓரத்தில் கறுப்பு அட்டையால் ஒரு கூரை வைத்து, கொஞ்சம் கீழே சாய்த்தேன். சரியானது. இன்ஷூரன்ஸுக்கும் எழுதித் தெரிவித்துவிட்டேன்.

இப்போது டவுன் ஹில்லில் முழுச் சுமையோடு எண் 650 காட்டினாலே ஒரு கியர் இறக்கி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை லேசாக எடுக்கிறேன். மாமாவும் தன் பக்கிக்கு ஒன்று வாங்கியிருக்கிறார். வரும் ஞாயிறு அட்டையும் கத்தரிக்கோலுமாகப் போகிறேன்.