கோஸ்ஃபோர்டில் ஒரு கோமெட்

பர்மிங்ஹாமிலிருந்து வோல்வர்ஹாம்ப்டன் வழியாக ஷ்ரூஸ்பரி போகும் தடத்தில் கோஸ்ஃபோர்டு என்றொரு சின்ன ரயில் நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கினால் பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு நடந்தே போய்விடலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. பார்க்க எத்தனையோ விமானங்கள் உண்டு, ஆனால் நான் போனது இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பறக்கவிட்ட மெஸ்ஸர்ஷ்மிட் மீ 163 கோமெட்டுக்காக. ராக்கெட்டால் பறந்து, முறையான படைப்பிரிவில் சேர்ந்து, வானில் சண்டையிட்ட போர் விமானம் உலகில் இது ஒன்றுதான்.

முதலில் கண்ணில் படுவது அதன் சிறிய உருவம். நீளம் 6 மீட்டர்கூட இல்லை. கிடைமட்ட வால் கிடையாது; மர இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கின்றன. மூக்கில் கையகல விசிறி ஒன்று. எதிர்க்காற்றில் சுழன்று மின்சாரம் எடுப்பது மட்டும்தான் அதன் வேலை. அலெக்சாண்டர் லிப்பிஷ் வடிவமைத்த இந்த உடல் காற்றில் அற்புதமாகப் பறந்தது என்று ஓட்டியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இதன் முன்மாதிரி ஒன்றில் 1941 அக்டோபர் 2 அன்று ஹைனி டிட்மார் மணிக்கு 1,000 கிலோமீட்டரைத் தாண்டினார். மற்ற நாடுகளின் போர் விமானங்கள் 600-ஐத் தாண்டவே திணறிய காலம் அது! பின்னால் வந்த போர்க்கால வடிவம் சுமார் மூன்றரை நிமிடத்தில் 12,000 மீட்டர் ஏறிவிடும். குண்டுவீச்சு விமானங்கள் தலைக்கு மேல் வந்த பிறகு கிளம்பினாலும் போதும். ஜெர்மனி இதை ஏன் நம்பியது என்று அந்த ஒரு கணக்கே சொல்லிவிடுகிறது.

ஆபத்து எரிபொருளில் இருந்தது. ஹெல்முட் வால்டர் செய்த எஞ்சினுக்கு இரண்டு திரவங்கள் வேண்டும். ஒன்று டி-ஷ்டோஃப், அதாவது 80 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. காயம் கழுவ மருந்துக்கடையில் வாங்குகிறோமே, அது வெறும் 3 சதவீதம். இன்னொன்று சி-ஷ்டோஃப்: மெத்தனால், ஹைட்ரசீன் ஹைட்ரேட், தண்ணீர் சேர்ந்த கலவை. இரண்டும் தொட்டுக்கொண்டாலே போதும், தீப்பொறி இல்லாமலே வெடித்து எரியும். அதனால் இரண்டையும் தனித்தனி லாரிகளில்தான் கொண்டுவருவார்கள். ஒன்று நிரப்பிவிட்டுக் கிளம்பிய பிறகே மற்றது விமானத்தின் பக்கம் வரலாம். சிந்தினால் கழுவ எப்போதும் தண்ணீர் தயாராக இருக்கும்.

காக்பிட்டை எட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் வயிற்றைக் கலக்கியது. விமானியின் இருக்கைக்கு இரண்டு பக்கமும் டி-ஷ்டோஃப் தொட்டிகள். முழங்கையை விரித்தால் இடிக்கும். அந்தத் திரவம் துணியைப் பற்றவைக்கும், சதையை அரித்துவிடும். 1943 டிசம்பர் 30 அன்று பாட் ஸ்விஷனானில் யோசெஃப் பூஸ் என்ற விமானி கிளம்பியதும், மேலே எழுந்ததும் கழற்றிவிடும் சக்கர வண்டி தரையில் மோதித் துள்ளி விமானத்தையே அடித்தது. எரிபொருள் குழாய் உடைந்தது. அவர் செத்த விதத்தை விரிவாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

எரிபொருள் ஏழெட்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் எஞ்சின் இல்லாமல் மிதந்து வந்து, வயிற்றுக்கடியில் உள்ள சறுக்குக்கட்டையில் இறங்க வேண்டும். அந்த நேரத்துக்காகவே அமெரிக்காவின் மஸ்டாங் போர் விமானங்கள் காத்திருந்தன. அதிர்ந்து இறங்கினால் முதுகெலும்பு போகும். தொட்டியில் மிச்சமிருந்தால் வெடிக்கவும் கூடும். சண்டையிலும் வேகமே எதிரியானது. குண்டுவீச்சு விமானத்தை இது கடந்து போகும் வேகத்தில் குறிபார்த்துச் சுட ஓரிரு விநாடிதான் கிடைக்கும், 30 மி.மீ. பீரங்கியின் குண்டுகளோ மெதுவாகப் பாய்பவை. லைப்சிக் அருகே பிராண்டிஸில் இருந்த 400-ஆம் படைப்பிரிவு லொய்னா செயற்கை எரிபொருள் ஆலையைக் காக்கப் பறந்தது. கட்டியவை 300-க்கும் மேல். வீழ்த்தியவையோ எந்தக் கணக்கைப் பார்த்தாலும் 20-ஐத் தொடவில்லை.

விமானிகளைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அமெரிக்காவின் டேட்டனில் இருக்கும் கோமெட்டைச் சீரமைத்தபோது, எரிபொருள் தொட்டிக்கும் அதைத் தாங்கும் பட்டைக்கும் நடுவே ஒரு சின்னக் கல் செருகியிருந்ததைக் கண்டார்கள். விமானத்தின் உள்ளே பிரெஞ்சில் கிறுக்கல்கள். கட்டாய வேலைக்குப் பிடித்து வந்தவர்களில் யாரோ, மாட்டினால் உயிர் போகும் என்று தெரிந்தே செய்த காரியம். தொட்டி உராய்ந்து உராய்ந்து ஒருநாள் கசியட்டும் என்றுதான் வைத்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் கோமெட்டின் கதையில் ஆகப் பெரிய துணிச்சல் அதுதான்.

சரி, அதோடு வெளியே வந்துவிடாதீர்கள். பரிசோதனை விமானங்கள் இருக்கும் கூடத்தில் வெள்ளை நிறத்தில் சாண்டர்ஸ்-ரோ எஸ்.ஆர்.53 நிற்கிறது. 1957 மே மாதம் முதலில் பறந்தது. ஏறுவதற்கு ராக்கெட், திரும்பி வர ஜெட் என இரண்டு எஞ்சின்கள். கோமெட் விமானிகளுக்குக் கிடைக்காத அந்தத் திரும்பும் வழியை யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் ராக்கெட்டுக்கு ஊற்றியது அதே ஹைட்ரஜன் பெராக்சைடு. இதன் ஜோடி விமானம் 1958 ஜூனில் ஓடுபாதையிலிருந்து கிளம்பும்போதே விபத்துக்குள்ளாகி, சோதனை விமானி ஜான் பூத் இறந்தார். அதற்குள் தரையிலிருந்து ஏவும் ஏவுகணைகள் வந்துவிட்டன, திட்டத்தையும் கைவிட்டார்கள்.