ஞாயிறு பூசைக்கு அப்புறம்

முதல் பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் கால்பந்து ஆட்டத்துக்குச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவது என் வேலை. நாலு வருஷமாகிறது. பங்குப் பிள்ளைகள் இருபது பேராவது வருவார்கள், பாதிப் பேர் வெறுங்காலோடு. சின்னவர்களுக்கு 4-ஆம் நம்பர் பந்துதான் கொடுக்கிறேன். 5-ஆம் நம்பர் அந்தக் கால்களுக்குக் கனம்.

எனக்கு இதில் முன்னோடி இத்தாலியக் கத்தோலிக்கக் குருவான டான் போஸ்கோதான். 1841 டிசம்பர் 8, துரின் நகரம். பூசைக்கு உதவத் தெரியாத ஒரு அனாதைப் பையனைக் கோயில்பிள்ளை (கோயில் பணியாள்) அடித்து விரட்ட, இவர் திரும்பக் கூப்பிட்டு, "விசில் அடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். பையன் சிரித்துவிட்டான். அங்கே ஆரம்பித்ததுதான், கட்டட வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் ஞானோபதேசமும் விளையாட்டும். அங்கியோடு அவரும் கூட ஓடினார். அவர் தொடங்கிய சலேசிய துறவற சபைக்காரர்கள் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்தார்கள்.

போன வாரம் எங்கள் கோல்கீப்பர், பத்து வயது, மூன்று கோல் விட்டான். அப்பா கடலுக்குப் போய்ப் பன்னிரண்டு நாள். ஆட்டம் முடிந்ததும் அழுதுகொண்டே வந்து, "அண்ணே, ஜெபம் நான் சொல்லட்டுமா?" என்றான். அப்பாவுக்காகச் சொன்னான். அப்புறம் எதிர் அணிப் பிள்ளைகளுக்காகவும் ஒரு வரி. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அவன் கையுறை விரல் நுனியில் கிழிந்திருக்கிறது. யாரிடமாவது 5-ஆம் சைஸ் பழையது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.